நிறுவனர் விலகினால் பொறுப்பு யாருக்கு: வெளியாளுக்கா, கூட இருந்தவருக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் நண்பர் ஒருவர், செம்பனை (எண்ணெய்ப் பனை) வளர்க்கும் சிறுதோட்டக்காரர்களுக்காக ஒரு செயலி நடத்துகிறார். ஆலையில் தரும் எடைச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். எத்தனை டன் இறங்கியது, காய் பழுக்கவில்லை என்று எவ்வளவு கழித்தார்கள், கைக்கு எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) வரும் எல்லாம் கைப்பேசியில் தெரிந்துவிடும். கம்பெனி வளர்ந்துவிட்டது. அவர் நிர்வாகத்தை விட்டு விலக நினைக்கிறார். யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் இழுபறி.

ஒருவர், கோலாலம்பூரில் பெரிய கம்பெனிகளை நிர்வகித்தவர். இன்னொருவர், தொடக்கத்திலிருந்தே கூட இருக்கும் பெண். தோட்டக் கிராணியின் (கணக்கு எழுத்தரின்) மகள்.

வெளியாளைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. வங்கியில் கடன் பேசவும், கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவரவும், சொந்தக்காரப் பையனுக்கு வேலை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்குத்தான் வரும். கூகுள் நிறுவனர்கள் 2001-இல் எரிக் ஷ்மிட்டைத் தலைமை நிர்வாகியாக்கியது வீண்போகவில்லை. லாரி பேஜ் அந்தப் பொறுப்புக்குத் திரும்பியது 2011-இல்தான்.

ஆனால் இந்தத் தொழில் நம்பிக்கையில் ஓடுகிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். லாரி வழியில் நின்றுவிட்டால் தோட்டக்காரர் இரவு பத்து மணிக்கும் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறார். "அண்ணே, நீங்க சீட்டை மட்டும் அனுப்புங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்னால் அதோடு சரி. கோலாலம்பூர்க்காரருக்கு இது கைவர நாளாகும். அதற்குள் வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். வங்கிக் கணக்கு வழக்கை அந்தப் பெண் கற்றுக்கொள்வது அதைவிட எளிது. என் ஓட்டு அவருக்கே.

சோஹோ மென்பொருள் கம்பெனியில் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனபோது, அந்த இடத்துக்கு வந்ததும் கூடவே இருந்த இணை நிறுவனர் சைலேஷ் குமார் டேவிதான்.

இரண்டில் எதை எடுத்தாலும் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு: நண்பர் பாதி விலகி பாதி நிற்பது. ஸ்டார்பக்ஸில் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2000-இல் பொறுப்பை விட்டு 2008-இல் திரும்பினார். 2017-இல் விட்டு 2022-இல் மறுபடி வந்தார். அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கியது. சின்னக் கம்பெனி தாங்காது. புதியவர் ஒரு முடிவெடுக்க, ஊழியர்கள் பழைய முதலாளிக்கு வாட்ஸப்பில் தட்டினால், யார் பேச்சை யார் கேட்பார்கள்?

"எல்லாம் கைவிட்டுப் போய்விடுமே" என்ற பயமும் நண்பருக்குத் தேவையில்லை. அவர் விடுவது நிர்வாகத்தை, பங்குகளை அல்ல. 2016 நிறுவனச் சட்டப்படி, சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) கம்பெனியில், அதன் அமைப்பு விதி வேறுவிதமாகச் சொல்லாத வரை, பாதிக்கு மேல் வாக்கு வைத்திருப்பவர் சாதாரணத் தீர்மானத்திலேயே ஓர் இயக்குநரை நீக்கலாம். இதே ஊர்க்காரரான மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அவர் 1979-இல் மறைந்த பிறகும் நடக்கிறதே.

ஆக, அந்தப் பெண்ணைத் தலைமைக்குக் கொண்டுவந்து, இயக்குநராகவும் ஆக்கி, 14 நாளுக்குள் நிறுவன ஆணையத்தில் பதியட்டும். காசோலையில் கையெழுத்து அவருடையதாகட்டும். கோலாலம்பூர்க்காரர் சம்மதித்தால், அந்தப் பெண்ணுக்குக் கீழே நிதிப் பொறுப்பைக் கொடுக்கலாம். நண்பர் ஊழியர் வாட்ஸப் குழுவிலிருந்து அன்றைக்கே வெளியேறிவிட வேண்டும்.