வெனிஸில் எந்தக் கோபுரம் ஏறலாம்?

சேலத்திலிருந்து இத்தாலி கிளம்பும் அக்கா பையன் கேட்டான்: "மாமா, வெனிஸில் அரை நாள்தான். எந்தக் கோபுரம் ஏறலாம்?"

எல்லோரும் போவது சான் மார்க்கோ சதுக்கத்தின் மணிக்கோபுரத்துக்கு. 98 மீட்டருக்கு மேல் உயரம். 1902-ல் இடிந்து விழுந்து, 1912-ல் பழையபடியே கட்டி முடித்தார்கள். லிஃப்ட் உண்டு, நீள வரிசையும் உண்டு.

நான் சொன்னது எதிரே தீவிலிருக்கும் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தின் மணிக்கோபுரம். 2-ஆம் எண் படகில் சில நிமிடம்தான். உயரம் குறைவு, சரி. ஆனால் தள்ளிப் போய் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால்தானே சேலம் முழுசாகத் தெரிகிறது? சான் மார்க்கோ கோபுரத்தில் நிற்பவருக்கு அந்தக் கோபுரமே காட்சியில் இருக்காது! சான் ஜார்ஜோவிலும் லிஃப்ட் இருக்கிறது, முட்டிவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஓவியம். கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்து 1566-ல் வேலை தொடங்கிய தேவாலயம் இது. பீடத்தருகே வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோ தன் கடைசிக் காலத்தில் வரைந்த, இயேசு சீடர்களோடு உண்ணும் 'இறுதி இரவுணவு'. மேசை குறுக்காக ஓடும். விளக்குப் புகையிலிருந்து தேவதூதர்கள் கிளம்பி வருவார்கள். கீழே ஒரு பூனை கூடைக்குள் எட்டிப் பார்க்கும். அதை மட்டும் தவறவிடாதே என்றேன்.

சான் மார்க்கோ பேராலயத்தின் தங்க மொசைக்குகளைப் பார்க்க ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தால், பக்கத்துக் கோபுரத்திலேயே ஏறிவிடுவது லேசு.