இரட்டைச் சிங்க ஐந்து ரூபாய்: பாளையங்கோட்டை கண்காட்சியில் வாங்கியவர்கள் எடை போட்டுப் பாருங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் நாணயம் சேர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு மேசையில், இரண்டு பக்கமும் சிங்க முத்திரை உள்ள ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மிண்ட்டில், அதாவது அரசாங்கம் காசு அடிக்கும் ஆலையில், தவறி அடித்த அபூர்வக் காசு என்று சொல்லித்தான் விற்றார்கள். அது முழுப் பொய். இரண்டு நல்ல காசுகளை லேத்தில் கடைந்து, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி ஒட்டிய பொருள் அது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்களும் அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சேர்ப்பது ஐந்து ரூபாய் மட்டும். டீக்கடை மீதி, பஸ் கண்டக்டர் தரும் சில்லறை, கோயில் வாசல் பூக்கடை, இப்படிக் கைக்கு வருவதுதான் பெரும்பாலும். 1992-இல் வந்த கனமான காசில் 5 என்ற எண்ணுக்கு இருபுறமும் தாமரை. 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் வந்தார். 2003-இல் காமராஜர் நூற்றாண்டு, 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு. இது போதாதென்று, எந்த ஊர் மிண்ட்டில் அடித்தது என்று காட்ட வருஷத்துக்குக் கீழே உள்ள சின்னக் குறியையும் பார்க்கலாம். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. மாஸ்கோவில் அடித்து வந்த காசில் ரஷ்ய எழுத்தே இருக்கும். ஐந்து ரூபாய் செலவில் இவ்வளவு பார்க்கக் கிடைக்கிற பொழுதுபோக்கு வேறு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதில் நிறைய வருவதும் அதனால்தான். அந்தப் பிள்ளைகளிடம் இந்தச் சரக்கை விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த இரட்டைச் சிங்கக் காசை விற்றவர், அதை அட்டை ஹோல்டருக்குள் வைத்து நாலு பக்கமும் பின் அடித்திருந்தார். வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா மதிப்பு போயிரும் தம்பி, வீட்டுல கொண்டு வச்சு அழகு பாருங்க" என்றார். தட்டிப் பார்க்கவோ எடை போடவோ விடாமல் இருக்கத்தான் அந்தப் பின்.

டவுனில் எனக்குத் தெரிந்த நகை ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்ப் பிரித்தோம். பழைய ஐந்து ரூபாய் செம்பு நிக்கல் காசு. எடை 9 கிராம். புழக்கத்தில் தேய்ந்தாலும் அதை ஒட்டித்தான் நிற்கும். தராசில் இது 8.2 காட்டியது. கல்லில் போட்டார், கணீரென்ற சத்தம் வரவில்லை, சப்பென்று விழுந்தது. லென்ஸை எடுத்து விளிம்பின் உட்பக்கத்தைப் பார்த்தவர், "அண்ணாச்சி, இங்கன பாருங்க, சுத்திக் கோடு ஓடுது. ஒரு காசக் குடைஞ்சு, இன்னொண்ணோட மொகத்தச் சீவி உள்ள எறக்கியிருக்கான். வேல சுத்தமாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். அந்தக் கோடு வெளிவிளிம்பில் தெரியாது. முத்திரைப் பரப்பும் மேட்டு விளிம்பும் சேரும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தாமரைக் காசில் வருஷமும் மிண்ட் குறியும் எண் உள்ள பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சிங்கம் என்றால் வருஷமும் இல்லை, ஊரும் இல்லை. எந்த மிண்ட், எந்த ஆண்டு என்று எவரும் சரிபார்க்க முடியாத காசைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்து ஒட்டுகிறார்கள்.

ரசீதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். விற்கும்போது தம்பி, தம்பி என்றவர், விஷயத்தைச் சொன்னதும் "யாருங்க நீங்க, எந்தக் கண்காட்சி?" என்றார். பிறகு, "வித்த சாமானைத் திருப்பி எடுக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது" என்று வைத்துவிட்டார். ரசீதிலும் "நாணயம் - 1, 1800" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இது முக்கியம். 'இரு பக்கமும் ஒரே முத்திரை, மிண்ட் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அசல் காசு விற்பவர் தயங்காமல் எழுதுவார்.

அதே மேசையில் 'செம்பு ஐந்து ரூபாய்' என்று சிவப்பாக ஒன்றும் இருந்தது. சாதாரணக் காசுக்கு மேலே செம்பு முலாம். காமராஜர் காசுக்கு 350 ரூபாய் விலை போட்டிருந்தார்கள். அது புழக்கத்துக்கு விட்ட காசு. இன்னமும் சில்லறையில் வருகிறது, பொறுமையாகத் தேடுங்கள்.

கண்காட்சி வாசலில் நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சில நாளில் ஒரு அழைப்பு வந்தது. வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு இருந்தால் பத்து லட்சம் தருவார்களாம், ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்ட வேண்டுமாம். பழைய காசு வாங்கவோ விற்கவோ தாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதியே எச்சரித்திருக்கிறது. 2012-இல் வந்த அந்த வைஷ்ணவ தேவி காசு சாதாரணமாகப் புழங்கும் காசுதான். இப்படிப் பணம் கட்டியவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

என் விஷயத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். புழக்கத்தில் உள்ள அரசாங்கக் காசை வெட்டிச் சிதைப்பதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. அதையும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஆள் புகார் என்றால் இழுத்தடிப்பார்கள். அந்த மண்டபத்தில், நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருந்த மேசையில் இரட்டைச் சிங்கம் வாங்கியவர்கள் ஹோல்டரைப் பிரித்து எடை போடுங்கள். எடை காட்டும் தராசோடு சேர்த்துப் படம் எடுங்கள், ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தகவல் சொன்னால் எல்லாருடைய புகாரையும் சேர்த்தே கொடுக்கலாம்.