கோழிக்கு எதுக்கு அருவா?

தீபாவளிக்கு வீட்டில் வளர்த்த நாலு சேவலை நாமே அறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பிறகு இதற்காக வாங்கிய சாமான்களின் செலவைக் கூட்டினால், கடையிலேயே நாலு நாட்டுக்கோழி வாங்கியிருக்கலாம். சரி, வாங்கியாச்சு. எது உழைத்தது, எது தண்டம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கத்தி. ஆன்லைனில் வாங்கிய பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட் முதல் சேவலின் நெஞ்செலும்பிலேயே வாய் மடங்கிப்போனது. அப்புறம்தான் திருப்பாச்சேத்திக்குப் போனேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் திருப்புவனம் தாண்டி இருக்கிற, அரிவாளுக்குப் பேர்போன ஊர். நான் கேட்டதும் அரிவாள்தான். பட்டறை ஆசாரி சிரித்துவிட்டு, "கோழிக்கு எதுக்கு தம்பி அருவா? எலும்பு சில்லு சில்லாத் தெறிச்சு கறி பூரா ஏறிக்கிரும்" என்று சொல்லி, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஒரு சாண் கத்தியை எடுத்துக் கொடுத்தார். 350 ரூபாய். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், கோழி அறுக்கப் போகிறவனுக்கு அதுவே ஒரு கெத்து.

அவர் சொன்னது சரிதான். தொடையை வெளிப்பக்கமாக மடக்கினால் மூட்டு டக்கென்று கழன்று குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரியும், அதில் நுனியை விட்டால் வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி போய்விடுகிறது, ஓங்கிப் போடவே வேண்டாம். ஒரே குறை, ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் துருப் பிடித்திருக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

காசே செலவில்லாமல் அமைந்தது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். அடியை வெட்டி, வாய்ப்பக்கத்தைக் கழுத்து நுழைகிற அளவுக்கு அகலமாக்கி, சுவரில் தலைகீழாகக் கட்டிவிட்டேன். கோழியை உள்ளே இறக்கினால் இறக்கை அடிக்காது, அதுவும் மிரளாது, நம் சட்டையும் தப்பிக்கும். தலையைத் துண்டாக்காமல் தாடைக்குக் கீழே இரண்டு பக்க ரத்தக்குழாயையும் அறுத்துவிட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் ரத்தம் நன்றாக வடிந்துவிடும். முதல் நாள் ராத்திரியே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் தீனிப்பை கிழிந்து கம்பும் சோளமுமாகக் கறியில் கொட்டும்.

இப்போது அந்தத் தண்டச் செலவு. டிரில்லிங் மெஷினில் மாட்டி இறகு பறிக்கிற ரப்பர் விரல் உருளை, 1,200 ரூபாய். வீடியோவில் பார்க்க அருமையாக இருக்கும். இங்கே இறகு பறந்து பக்கத்து வீட்டு அத்தை காயப்போட்ட சேலையில் ஒட்டி, அவர்களிடம் வாங்கிய பேச்சு தனி. தோலும் கிழிந்தது. அதில் பாதி என் தப்பு, கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீரில் முக்கிவிட்டேன், தோல் வெந்துவிட்டது. அப்பத்தா வந்து, கொதித்த தண்ணீர் எவ்வளவோ அதே அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், 63 டிகிரி! ஒரு நிமிடம் முக்கி எடுத்ததும் இறகு கையோடு வந்துவிட்டது. பிறகு மஞ்சள் தடவி ஓலைத் தீயில் வாட்டினோம், மிச்சமிருந்த பூமுடியும் பொசுங்கிப்போனது. அந்த வாசனைக்கு எந்த மெஷினும் வராது.

வயிற்றைத் திறக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் அந்த ஈரல் கசப்புதான். இரண்டாவது சேவலில் எனக்கு அப்படித்தான் போனது.

டிரில் உருளை டப்பாவோடு பரணில் கிடக்கிறது. வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், டிரில்லை மட்டும் கேட்காதீர்கள்.