'நடுக் குன்றில் டென்ட்' என்று 38,400 ரூபாய் வாங்கிவிட்டு ரோட்டோரம் இறக்கிவிட்டார்கள்: ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

இந்த சீசனில் ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேருக்கு புக் செய்யப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோபம் அடங்காமல் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தொகை 38,400 ரூபாய். நான்கு பேருக்கு, ஊருக்கு வெளியே சம் என்ற இடத்து மணற்குன்றுகளில் இரண்டு இரவு ஸ்விஸ் டென்ட், இரவுச் சாப்பாடு, காலை டிபன், ஒட்டகச் சவாரி, ஜீப் சவாரி எல்லாம் சேர்த்து என்று சொல்லி வாங்கினார்கள். வாங்கியது ஒரு பயண முன்பதிவுத் தளம். கேம்ப் அவர்களுடையது இல்லை, இடையில் நின்று கமிஷன் எடுப்பவர்கள். புகார் நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதே மாதிரிதான் பேசுவார்கள். அந்தத் தளத்திலிருந்து போன் செய்தவர் தமிழில் பேசினார். "அண்ணா, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, கோட்டைக்குள்ள ரூம் எடுக்காதீங்க" என்றார். அதற்குச் சொன்ன காரணம் அத்தனையும் உண்மை. ராவல் ஜெய்சல் 1156இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இன்றைக்கும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டிய கோட்டைக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது, விடுதிகள் பெருகின. கழிவுநீர் குன்றின் அடியில் இருக்கும் மெத்தென்ற பாறையிலும் களிமண்ணிலும் இறங்கி, கொத்தளங்கள் சில சரிந்தே விழுந்திருக்கின்றன. வாசலிலிருந்து மேலே போகும் கல் பாவிய ஏற்றமும் வயதானவர்களின் முழங்காலுக்கு ஆகாது. "காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கோட்டை, பட்வா ஹவேலி மாளிகை முடிச்சிடுங்க. மதியத்துக்கு மேல குல்தரா. அங்கிருந்து அப்படியே சம். சூரியன் இறங்குறப்போ குன்று மேல இருக்கணும்" என்றார். இதுவும் சரியான வரிசைதான். பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன குல்தரா கிராமம் சம் போகும் திசையில்தான் இருக்கிறது, நகரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். சம் சுமார் 40.

இவ்வளவு தெரிந்த மனிதர் டென்ட் விஷயத்தில் மட்டும் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? ஒன்பது உண்மைக்கு நடுவே அந்த ஒரு பொய்யைச் சொருகினார். "டென்ட் கதவைத் திறந்தா மணல்தாண்ணா, நடுக் குன்றுல இருக்கு." கூடவே ஒரு வீடியோ. பிறகு, "இன்னைக்கு ராத்திரிக்குள்ள முழுசாக் கட்டினாத்தான் இந்த ரேட்." கட்டியாயிற்று, 38,400 ரூபாய், யுபிஐ வழியாக.

நடுக் குன்றில் ஸ்விஸ் டென்ட் என்பதே நடக்காத காரியம். ஸ்விஸ் டென்ட் என்றால் இரும்புக் குழாய்ச் சட்டம், இரட்டைக் கேன்வாஸ், சிமென்ட் தரை, பின்னால் ஒட்டிய குளியலறை, அதற்குக் கழிவுத் தொட்டி. தண்ணீர் டேங்கர் லாரியில் வரும், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் நிற்க வேண்டும். காற்றுக்கு இடம் மாறும் மணலில் இதெல்லாம் நிற்காது. லாரியும் அங்கே ஏறாது. அதனால் கேம்ப்கள் சாலைக்கு இரண்டு பக்கமும் முள்செடி முளைத்த கெட்டித் தரையில்தான் வரிசையாக இருக்கின்றன. குன்றுக்குத் தனியாகப் போய்த்தான் வர வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு என்பதில்தான் விலை இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது.

எங்களை இறக்கிவிட்டது வவுச்சரில் இருந்த கேம்பே இல்லை. "அங்கே ஃபுல், இது அவங்க சிஸ்டர் கேம்ப்" என்றார்கள். குன்று கண்ணுக்கே தெரியவில்லை. ஒட்டகச் சவாரி என்று எழுதியிருந்த இடத்தில் வந்தது ஒட்டக வண்டி, நாலு பேரையும் ஒன்றாக ஏற்றிக் குன்றின் ஓரம்வரை கொண்டுபோய் விட்டது. ஜீப்புக்குத் தனிக் காசு. வெந்நீர் காலையில் ஆளுக்கு ஒரு வாளி. ஜனவரி இரவில் அங்கே குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், ஆனால் கொடுத்தது ஒரே ஒரு ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை), ஜெனரேட்டரும் நள்ளிரவுக்கு முன்பே நின்றது. நல்லதாக இருந்தது அந்தப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர்களான மாங்கணியார்களின் பாட்டு மட்டும்தான். பாடியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கும் இந்தக் கேம்ப்காரர்கள் ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்றுதான் தோன்றியது.

அதன் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். கேம்ப் மேனேஜர், "உங்க பணம் எங்களுக்கு வரலை, எங்களுக்கு வந்தது தலைக்கு இவ்வளவுதான், அதுக்கு இதுதான்" என்றார். தளத்தைக் கேட்டால், "நாங்க இடைத்தரகர் மட்டும்தான் சார், சேவைக்கு கேம்ப்தான் பொறுப்பு." தமிழில் 'அண்ணா' போட்டவர் மெசேஜைப் படிக்கிறார், நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கஸ்டமர் கேரில் 72 மணி நேரம் என்றார்கள். அது முடிந்ததும் புது டிக்கெட் எண், மறுபடி 72 மணி நேரம். கடைசியில் வந்த மெயிலில் ஒரே வரி: நீங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தங்கிவிட்டதாக கேம்ப் தெரிவித்துள்ளதால் ரீஃபண்ட் இல்லை. சமாதானத்துக்கு அடுத்த பயணத்தில் 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 38,400 ரூபாய் வாங்கியவர்கள் நீட்டுவது 500 ரூபாய்க் கூப்பன்!

எப்படி புக் செய்வது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டாதீர்கள், கால்வாசி போதும், மீதி டென்ட்டைப் பார்த்த பிறகு. தளம் எவ்வளவு சொன்னாலும் கேம்புக்கு நேரடியாகப் போன் போட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். லொகேஷனை வாங்கி மேப்பில் சாட்டிலைட் படத்தில் பாருங்கள், மணல் எங்கே, டென்ட் எங்கே என்று அப்பட்டமாகத் தெரியும். குன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், ஒட்டகமா ஒட்டக வண்டியா, எத்தனை நிமிடம், ஜீப் உண்டா என்பதெல்லாம் வவுச்சரிலேயே எழுத்தில் இருக்கட்டும். வேறு கேம்புக்குக் கொண்டுபோனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் வீடியோ எடுங்கள். அந்தக் கையெழுத்தைத்தான் எங்களுக்கு எதிராக நீட்டினார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்வது) கேட்கலாம். அலைச்சலே வேண்டாம் என்றால் ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியே சமில் இருக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே குரி என்ற கிராமத்துப் பக்கம் விசாரியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். கேம்பே இல்லாமல் பணத்தோடு ஓடிவிட்டார்கள் என்றால் சைபர் மோசடிக்கான 1930 எண், அதையும் உடனே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஜெய்சல்மேருக்கு ஓட வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. எங்கள் 38,400 ரூபாய்க்கு அங்கேதான் மனு தயாராகிறது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துக்கு இப்படிப்பட்ட தளத்தில் கட்டிவைத்திருப்பவர்கள் இன்றைக்கே கேம்புக்குப் போன் போட்டுப் பெயரைச் சரிபாருங்கள். பதிவு இல்லை என்றால் தளத்துக்கு இன்றே மெயிலில் எழுதுங்கள், போனில் பேசியது எதுவும் பிறகு நிற்காது.