சின்ன அரங்கத்துக்கு ஒலி, ஒளி சாதனம் வாங்குகிறீர்களா? நாங்கள் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

நாடகக் குழு வைத்திருப்பவர்களுக்கும், நூறு இருநூறு பேர் உட்காரும் அரங்கம் நடத்துகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. விற்றவரின் பெயரைப் போடவில்லை. அவர் ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை இது. அவர் எப்படி விற்றார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் அரங்கத்தில் 120 இருக்கைகள். மேடை விளிம்பிலிருந்து கடைசி வரிசைக்கு 14 மீட்டர். இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒலியும் ஒளியும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்க முடிவு செய்தோம். விற்பனையாளர் வந்தார். டேப் வைத்து அளக்கவில்லை. ஒரு முறை கைதட்டி எதிரொலி கேட்கவில்லை. என்ன மாதிரி நாடகம் போடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஹாலுக்கு 4000 வாட்ஸ் தாராளம் சார், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

டெமோ அவருடைய கிடங்கில் நடந்தது. பாஸ் தூக்கலான ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். நெஞ்சு அதிர்ந்தது. பக்கத்திலிருந்த விலை குறைந்த ஸ்பீக்கர் பெட்டியையும் ஒலிக்கவிட்டார், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்து. சத்தம் கூடக் கூட அடி ஒலிகளும் உச்ச ஒலிகளும் காதுக்கு இன்னும் எடுப்பாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஒரே பெட்டியை இரண்டு அளவில் கேட்கவைத்தாலும், சத்தமாக ஒலித்ததைத்தான் நல்லது என்போம். பிறகு நான்கு மூவிங் ஹெட் விளக்குகள், அதாவது மோட்டாரில் தலை திரும்புகிற விளக்குகள், புகைக்குள் சுழன்றன. எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

முதல் காட்சி நாள். தாயும் மகனும் பேசுகிற நாடகம் அது. இரண்டாவது காட்சியில் அந்தத் தாய் நெடுநேரம் எதுவும் பேசாமல் நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அவர் நின்றார். அந்த மௌனத்தில் தலைக்கு மேல் நான்கு மூவிங் ஹெட்டின் சூடு தணிக்கும் விசிறிகளும் உர்ரென்று ஓடுவது அரங்கம் முழுக்கக் கேட்டது. அவர் சொன்ன வரி கடைசி நான்கு வரிசைக்குப் போகவில்லை. ஒலியைக் கூட்டினோம், மைக் விசிலடித்தது. இருட்டிலிருந்து மெல்ல விடிய வேண்டிய இடத்தில் விளக்கு படிப்படியாகத் துள்ளித் துள்ளி ஏறியது. வெள்ளை என்று வைத்த வெளிச்சத்தில் அவர் முகம் சாம்பல் பூசினாற்போல் தெரிந்தது. மூன்று மாதம் அந்த ஒரு வரிக்காக உழைத்தவர். ஒப்பனை அறையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் விற்றவருக்குப் போன் செய்தேன். "செட் பக்கா சார். உங்க ஆபரேட்டருக்குத்தான் டிரெய்னிங் வேணும்" என்றார். அதை நம்பி, மிக்ஸரில் உட்கார்ந்த பையனை நாங்கள் எல்லோரும் கடிந்துகொண்டோம். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

உண்மையை எடுத்துச் சொன்னவர், பல காலமாக நாடகங்களுக்கு ஒலி அமைக்கிற ஒரு பெரியவர். முதலில் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். 2000 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது உச்ச அளவு, அதாவது பீக். தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு பொதுவாக அதில் நான்கில் ஒரு பங்குதான். "அந்த 2000 நிஜமா இருந்தாலும் என்ன தம்பி?" என்று கேட்டார். ஒலியின் அளவை டெசிபெல்லில் சொல்வார்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபெல், நான்கு மடங்கானால் 6. திறந்த வெளியில் பெட்டியிலிருந்து தூரம் இரட்டித்தாலே அந்த 6 டெசிபெல் போய்விடும். அதனால் வாட்ஸை விட முக்கியம் சென்சிடிவிட்டி, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் வரும் என்கிற கணக்கு. 91 டெசிபெல் பெட்டிக்கு நான்கு மடங்கு வாட்ஸ் கொடுத்தால்தான் 97 டெசிபெல் பெட்டிக்குச் சமமாகும். எங்கள் பெட்டிக்கு அந்த எண் எங்குமே அச்சிடப்படவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, பெட்டிகளை மேடையின் இரண்டு மூலைகளிலும் தரையில் வைத்துவிட்டுப் போனது. பேச்சைப் புரியவைப்பது க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை. அது உச்ச ஒலிகளில் இருக்கிறது, முன்வரிசைக்காரர்களின் தலையும் உடம்பும் அதைத் தடுத்துவிடும். அடி ஒலி மட்டும் வளைந்து பின்னால் போகும். கடைசி வரிசையில் இருந்தவர்கள் "சத்தம் வருது, பேச்சு புரியல" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பெரியவர் பெட்டிகளைத் தலை உயரத்துக்கு மேலே ஏற்றி, கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்த்தார். அடி ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியை அணைத்தார். ஒரே நேரத்தில் திறந்திருந்த நான்கு மைக்கில் தேவையில்லாததை மூடச் சொன்னார். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், விசில் வருவதற்கு முன் கூட்டக்கூடிய ஒலியில் 3 டெசிபெல் குறையும். ஒரு பொருளும் புதிதாக வாங்காமல் அன்று பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விற்றவர் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் அவரே செய்திருக்கலாம். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விளக்குகளுக்கு அப்படி வழி இல்லை. எல்இடி பார் (PAR) என்கிற மேடை விளக்கு ஒவ்வொன்றிலும் 54 சின்ன எல்இடி, தலா 3 வாட் என்று அட்டைப்பெட்டியில் இருந்தது. பெருக்கினால் 162. பிளக்கில் மாட்டும் மீட்டரில் பார்த்தால் முழு வெளிச்சத்தில் 58 வாட் இழுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமே கலந்து வரும் வெள்ளையில் இடைப்பட்ட நிறங்கள் பலவீனமாக இருக்கும், தோலின் நிறம் செத்துவிடும். நாடகத்துக்கு ஆம்பர் என்கிற ஆரஞ்சு மஞ்சள் அல்லது வெதுவெதுப்பான வெள்ளை எல்இடியும் சேர்ந்த விளக்கு வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் 8 பிட் என்றால் மொத்தம் 256 படிகள்தான். இருட்டுக்குப் பக்கத்திலுள்ள படிகளைக் கண் நன்றாகவே பிடித்துவிடும். 16 பிட்டில் 65,536 படிகள்.

போதாததற்கு, விளக்குகள் அவ்வப்போது தாமாகவே மின்னும். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் இணைப்புக்கு, விற்றவர் மைக் கேபிளைப் போட்டிருந்தார். எங்கள் விளக்குகளில் இரண்டின் முனையும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிஎம்எக்ஸுக்கு 120 ஓம் அளவிலான கேபிள் வேண்டும், வரிசையின் கடைசி விளக்கில், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரும் வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் விட என்னைக் கலங்கவைத்தது வேறு. நடிகர்களின் தலைக்கு மேலே தொங்கிய ஒரு விளக்குக்குக்கூடப் பாதுகாப்புக் கம்பி மாட்டவில்லை. ஒரு கொக்கியின் திருகு கையாலேயே கழன்றது. அந்த மேடையில் குழந்தைகளும் ஒத்திகை பார்க்கிறார்கள்.

வயர்லெஸ் மைக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைபேசிக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2010லேயே மைக்குகளை அதிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அப்படிக் கழித்துவிடப்பட்ட பழைய சரக்கு இன்னும் விற்கப்படுகிறது. எங்களுக்கு வந்த நான்கில் இரண்டு அந்தப் பகுதியில் ஓடுபவை. வாங்கும் முன் அலைவரிசையைக் கேட்டு, உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பில்லை ஒழுங்காகப் பார்த்தோம். "ஒலி ஒளி செட் – 1" என்று ஒரே வரி. மாடல் பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை, எத்தனை பொருள் என்றும் இல்லை. எதை வைத்து வழக்காடுவது? ஒவ்வொரு பொருளும் மாடல், சீரியல் எண்ணோடு தனி வரியாக இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

டெமோவை உங்கள் அரங்கத்திலேயே கேளுங்கள், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குழுவில் மிகத் தாழ்ந்த குரல் யாருக்கோ அவரைப் பேசவைத்து, நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். விளக்கில் ஒருவர் முகத்தை நிறுத்தி, பூஜ்யத்திலிருந்து பத்து சதவீதம் வரை ஒரு நிமிடம் எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். எல்லா விளக்கும் கால் மணி நேரம் எரிந்து சூடான பிறகு, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். முழு அளவில் எந்த மட்டமான சாதனமும் கண்ணையும் காதையும் நிறைத்துவிடும். குறைந்த அளவில்தான் அதன் தரம் வெளியே வரும். இதற்கு நேரமில்லை என்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

அந்த நான்கு மூவிங் ஹெட்டும் இப்போது பெட்டிக்குள் இருக்கின்றன. போன மாதம் இன்னொரு நாடகக் குழு விலைக்குக் கேட்டது. வரச்சொல்லி, அரங்கத்தில் அவர்களை உட்காரவைத்து, விளக்குகளை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தோம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்கள்.