அனாடமிக் கடிவாளமா, சாதா கடிவாளமா? செம்பியின் தலையில் இரண்டு மழைக்காலம்

என் மட்டக்குதிரை செம்பிக்குக் காதுக்குப் பின்னால் கை போனால் போதும், வெடுக்கென்று தலையைத் தூக்கிவிடும். தினமும் காலையில் கடிவாளம் மாட்டுவது ஒரு மல்லுக்கட்டு. பல்லைப் பார்த்தாயிற்று, காதுக்குள் பார்த்தாயிற்று. உண்ணி இல்லை, புண் இல்லை. கடைசியில் பழி கடிவாளத்தின் மேல் விழுந்தது. முந்தின வருஷம் ஆவணியில் 7,800 ரூபாய் கொடுத்து ஒரு அனாடமிக் கடிவாளம், அதாவது குதிரைத் தலையின் வடிவத்துக்கு ஒத்து வளைத்து வெட்டியது, வரவழைத்தேன். கான்பூர் தயாரிப்பு. அதற்கு முன் இருந்ததும் கான்பூர்தான், 2,600 ரூபாய் சாதா. கொடைக்கானலில் இரண்டு ஐப்பசி கார்த்திகை போனபின் சொல்கிறேன்: இன்றைக்குச் செம்பி தலையில் இருப்பது அந்தப் பழைய சாதா கடிவாளம்.

வித்தியாசம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாவில் தலைவார், அதாவது காதுக்குப் பின்னால் தலைமேல் போகும் வார், ஒரு நேர்ப்பட்டை. மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குவாரைத் தாங்க இன்னொரு மெல்லிய வார், தலைவாருக்கு அடியிலேயே ஓடும். மூக்குவாரை இறுக்கினால் அந்த மெல்லிய வார் பிடரி உச்சியில் கயிறு மாதிரி அழுந்தும். அனாடமிக்கில் தலைவாரைக் காது வேரை விட்டு விலகும்படி வளைத்து வெட்டி, அகலமாக்கி, அடியில் மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். மூக்குவார் அதிலேயே சேர்ந்துகொள்ளும். சிலவற்றில் மூக்குவாரின் பாதையும் மாறும். அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மிக்லெம் வடிவமைத்த கடிவாளம் இதில் பேர் பெற்றது. குதிரைக்குக் கன்னத்தில் முக நரம்பு தோலை ஒட்டினாற்போல் ஓடுகிறது. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு தேயத் தேயக் கூராகும். அந்த இடங்களை விட்டு வார் விலகிப் போக வேண்டும் என்பதுதான் யோசனை.

யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ரேச்சல் மர்ரி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் குறையும்படி செய்த கடிவாளத்தில் குதிரைகள் காலை இன்னும் நன்றாக மடக்கி நடந்தன. ஆனால் அவை போட்டிக் குதிரைகள், கைதேர்ந்த ஆட்கள் ஓட்டியவை. செம்பி 54 அங்குல உயரம். வில்பட்டியிலிருந்து பள்ளங்கி வரை ஏறி இறங்கி, வழியில் யாராவது கேரட் நீட்டினால் நின்றுவிடும் ஜாதி.

புதுக் கடிவாளம் போட்டுப் பத்தே நாளில் தலை தூக்குவது பாதியாகக் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. பணம் வீண் போகவில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அப்புறம் ஐப்பசி வந்தது. பழனி மலையில் நமக்குப் பெரிய மழை அப்போதுதான். மழை விட்டாலும் மூடுபனி விடாது. காலையில் துடைத்து மாட்டிய தோல் மறுநாள் தொட்டாலும் சில்லென்று ஈரமாக இருக்கும். சாதா வாரில் பூஞ்சணம் பிடித்தால் மேலே வெள்ளையாகத் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, கிளிசரின் சோப்பு போட்டு, நிழலில் கட்டினால் சரி. நேர்ப்பட்டை, இரண்டு பக்கமும் காற்றுப் படும். அனாடமிக்கின் தலைவாரில் மேலே தோல், கீழே தோல், நடுவில் பஞ்சு மெத்தை, சுற்றிலும் தையல். வியர்வையும் பனியும் தையல் துளை வழியாக உள்ளே போகும், வெளியே வராது. மேலே பளபளவென்று இருந்ததை ஒருநாள் விரலால் அமுக்கினேன். தையல் ஓரம் ஈரம் கசிந்தது, பூட்டிக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. அந்த ஈர மெத்தையைத்தான் தினமும் செம்பியின் காதடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முடி கொஞ்சம் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், தோல் அப்பளமாகிவிடும். எண்ணெயை ஊற்றினாலும் நூல் அழுகும், வார் நீளும்.

மார்கழியில் தையல் விட்டது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். என் சாதா கடிவாளத்துக்கு இரண்டு முறை கன்னவார் மாற்றித் தந்தவர் அவர்தான். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேர் வாருன்னா இப்பவே வெட்டித் தந்துருவேன் தம்பி. இதப் பிரிச்சா பழையபடி உக்காராது. வளைவு போயிரும்." விற்ற கடையில் கேட்டால் தலைவார் மட்டும் தனியாகத் தருவதில்லை, முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். என் கணக்கில் விஷயம் அங்கேயே முடிந்தது. 7,800 என்ற விலையை விட, ஒரு தையல் விட்டால் மறுபடி 7,800 என்பதுதான் கசந்தது.

பழைய கடிவாளத்தை எடுத்தேன், ஆனால் பழையபடி மாட்டவில்லை. அனாடமிக் சொல்லிக்கொடுத்த பாடத்தை அதில் செய்து பார்த்தேன். முதலில் மூக்குவாரையே கழற்றினேன். மலைப்பாதையில் சும்மா போகிறவருக்கு அது எதற்கு? கழற்றியதும் பிடரியில் அழுந்திய மெல்லிய வாரும் சேர்ந்து போயிற்று. அடுத்து நெற்றிவார். அது ஒரு அங்குலம் குட்டையாக இருந்ததால் தலைவாரை முன்னால் இழுத்துக் காது வேரில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. பெரியவர் புதிதாக ஒன்று வெட்டித் தந்தார், 150 ரூபாய். கடைசியாக, தலைவாரைச் சுற்றிக் கட்ட ஆட்டுரோமத்தோடு கூடிய தோல் உறை ஒன்று. தனியாகக் கழற்றி அலசிக் காயவைக்கலாம். செம்பி இப்போது அனாடமிக் போட்ட நாட்களில் இருந்த அளவுக்கே அமைதி. ஒரே குதிரை, ஒரே ஆள் கண்டது, அவ்வளவுதான் இதற்குச் சாட்சி.

மூக்குவார் கட்டாயமாக வேண்டியவர்கள், போட்டிக்குப் போகிறவர்கள், மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் போகிற அளவுக்கு விட்டுக் கட்டுங்கள். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 மே முதல் இதை அளக்க ஒரு கருவியே வைத்திருக்கிறது. வாரின் வடிவத்தை விட அதன் இறுக்கம் முக்கியம் என்பது என் கட்சி. அந்த மாதிரி தினம் ஒரு மணி நேரம் மணல் மைதானத்தில் வேலை வாங்குகிறவர்கள், தோலைக் காயவைக்க நல்ல அறை இருப்பவர்கள் அனாடமிக் வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய குதிரைக்கு வெட்டிய வளைவு நம் மட்டக்குதிரை தலையில் காதை விட்டு விலகாது, காதின் மேலேயே ஏறி உட்காரும். எனக்கு முதலில் வந்தது அப்படித்தான். திருப்பி அனுப்பி மாற்றினேன்.

நைலான் கடிவாளம் பற்றியும் கேட்பீர்கள். ஏரிக்கரைக் குதிரைகள் பலவற்றில் பார்க்கிறேன். குழாயடியில் கழுவி மாட்டிவிடலாம், பூஞ்சணத் தொல்லை குறைவு. ஆனால் எங்காவது மாட்டிக்கொண்டால் தோல் அறுந்து குதிரையை விடும், நைலான் விடாது. காட்டுப் பாதையில் அது எனக்குப் பயம்.

அனாடமிக்கை வீசவில்லை. திண்டுக்கல்லில் ஒரு நண்பர் 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்த வெயிலில் மெத்தை ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடுகிறதாம். பூஞ்சணம் சுரண்டிய இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும் என்று முன்பே சொல்லித்தான் கொடுத்தேன்.