ஒரே நாளில் டிஜிட்டல் பல் கேப்பா? மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்

பெரம்பூர் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு சிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் உறுதியான பீங்கான் வகை) கேப் என்று சொல்லி 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக்கை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். வடசென்னையில் இப்போது 'ஒரே நாளில் டிஜிட்டல் கேப்' பேனர்களை நிறையப் பார்க்க முடிகிறது. போகிறவர்கள் விவரம் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரூட் கேனல் வேறு இடத்தில் முடிந்திருந்தது, கேப் மட்டும் பாக்கி. வாயில் மாவு வைத்து அளவெடுத்தால் அம்மாவுக்குக் குமட்டும். இங்கே சின்ன கேமராவை வாய்க்குள் விட்டுச் சுற்றினார்கள், பல் வரிசை திரையில் கலராக எழும்பியது. அதுவரை எல்லாம் நிஜம்தான். "சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கம்மா, ராத்திரியே எலும்பு கடிக்கலாம்" என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். கேப்பைக் கடையும் மெஷின் எங்கே என்று கேட்டேன். "லேப்ல இருக்கு சார், நம்ம லேப்தான்."

மாட்டும்போது, கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நீலத் தாளை ஒரே ஒரு முறை கடிக்கச் சொல்லிவிட்டு ஒட்டிவிட்டார்கள். "தம்பி, இந்தப் பக்கம் மட்டும் முதல்ல இடிக்குது" என்று அம்மா சொன்னதற்கு, "பழகிடும்மா" என்றார் டாக்டர். எங்கே பழகுவது? சோறு சிக்கியது, ஈறு வீங்கியது, கடைசியில் வேர்க்கடலை கடிக்கும்போது கேப் ஓரமாக உடைந்தது. திரும்பப் போனால் அம்மா பலமாகக் கடித்ததுதான் தப்பாம். புதிதாகப் போட 6,000 கேட்டார்கள்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போனேன். வாயைப் பார்த்ததும் அங்கிருந்த டாக்டர், "டெம்பரவரி கேப்போட எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்றார். சிர்கோனியா எக்ஸ்-ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அம்மாவின் படத்தில் பல்லும் வேரில் நிரப்பியதும் தெரிந்தன, கேப் இருந்த இடம் மங்கலாகக் கிடந்தது. நிரந்தர கேப் வரும்வரை தற்காலிகமாக வைக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் அது. அந்த வேலைக்கு அது நல்ல பொருள்தான். அதையே நிரந்தரம் என்று விற்றதுதான் மோசடி.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1985-லேயே சூரிச் பல்கலைக்கழகத்தில் நோயாளிக்குச் செய்து பார்த்த முறை இது. ஸ்கேன் எடுத்து, கணினியில் வடிவமைத்து, பீங்கான் கட்டியைப் பக்கத்து அறையிலேயே மெஷினில் கடைவார்கள். சில கட்டிகள் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், சுமார் 840 டிகிரி சூளையில் வைத்து எடுத்த பிறகுதான் பல் நிறம் வரும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்கிற காரியம். சிர்கோனியா கொஞ்சம் வேறு. சூளையில் சுருங்கும் என்பதால் முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி அளவில் சுட வேண்டும். சாதாரண சூளையில் அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். சீக்கிரம் சுடும் சூளைகளும் உண்டு. வைத்திருப்பவர் பெருமையாகவே காட்டுவார்.

அதனால் ஸ்கேனரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கடையும் மெஷினையும் சூளையையும் கேளுங்கள். லேப்பில் செய்வதானால் சில நாள் ஆகும், அதிலும் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். எங்கள் பில்லில் 'டென்டல் சார்ஜஸ்' என்று மட்டும் இருந்தது. எந்தப் பல், என்ன பொருள், எந்த பிராண்ட் என்று எழுதி வாங்குங்கள். பிராண்ட் சிர்கோனியாவுக்கு வாரன்டி கார்டு தருவது வழக்கம், அதையும் கேளுங்கள். ஒட்டியபின் ஒரு எக்ஸ்-ரே எடுத்தால் ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. உடைந்த துண்டையும் எக்ஸ்-ரேயையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். கிளினிக்கிலிருந்து இப்போது போன் வருகிறது: பாதிப் பணம் தருகிறார்களாம், கூகுளில் நாங்கள் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட வேண்டுமாம். முழுசாக வந்தால்தான் பேச்சு என்று அம்மா சொல்லிவிட்டார்.